யாருடைய பூஜ்யம்?

என் வலி பூஜ்யம் என்று அந்த இயந்திரம் திரையில் பச்சை எழுத்தில் காட்டிய நேரத்தில், நான் நாற்காலியின் கைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் வலிமானி அறை நாற்காலியின் ரெக்சினில் என் பல் தடம் இன்னும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிமானி வந்த புதிதில் ஊரே கொண்டாடியது. என்னைப் போலக் கொண்டாடியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். நெற்றியில் ஒரு பட்டை, முதுகுத்தண்டில் இரண்டு வில்லை, அவ்வளவுதான். நரம்பில் ஓடும் வலியை அளந்து எண்ணாகச் சொல்லிவிடும். இனி எந்த டாக்டரும் "நெசமாவே வலிக்கா?" என்று கேட்க முடியாது. சிறுநீரகக் கல்லோ, பல் சொத்தையோ, எதுவானாலும் எண் நான்கைத் தாண்டினால் அடுத்த பரிசோதனை, தாண்டாவிட்டால் மாத்திரையோடு வீடு. சட்டமே அப்படி ஆகிவிட்டது.

எட்டாம் வகுப்பிலிருந்து நான் இந்த எண்ணுக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். மாதம் தவறாமல் அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கும். இடுப்பு கழன்று விழும். வாந்தி வரும். "எல்லாருக்கும் உள்ளதுதாம்ளா" என்றார் அம்மா. கல்யாணமானால் சரியாகும் என்றார்கள், ஆனது, ஆகவில்லை. பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். பிள்ளைதான் வரவில்லையே, அதற்கு என்ன செய்ய என்று கேட்டால், மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்றார்கள். ஸ்கேனில் எல்லாம் சுத்தமாக இருந்தது. எனக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும், ஒருவேளை நான்தான் நடிக்கிறேனோ என்று. என்ன கொடுமை பாருங்கள், என் வயிறு வலிக்கிறதா இல்லையா என்பதில் எனக்கே சந்தேகம்!

என் பெயர் ஜெனோவா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி லாரியில் வைக்கும் வேலை. கடலும் கப்பலும் உப்பளமும் காலுக்குக் கீழே தெரியும். அந்த இருக்கைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதில் உட்கார்ந்தால் நான் யாருக்கும் பயப்பட மாட்டேன். அந்த நாட்களில் மட்டும் உடம்பு என் பேச்சைக் கேட்காது.

ஒரு மதியம் கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கும்போது பிடித்துக்கொண்டது. கன்டெய்னரை அப்படியே நிறுத்திப் பூட்டிவிட்டுக் கூண்டின் தரையில் முழங்கால் போட்டு, இருக்கையில் நெற்றியை அழுத்திக்கொண்டேன். அப்படிக் கிடந்தால் கொஞ்சம் குறையும். வயர்லெஸ்ஸில் எங்கள் மேலாளர் கொம்பையா சார் கத்தினார்.

"ஏம்மா ஜெனோவா, என்னாச்சி? சரக்கு தொங்குது!"

"சாவி கீழ விழுந்துட்டு சார். தேடுதேன்."

என் சாவி கீழே விழுந்த கணக்கை எடுத்தால் கின்னஸில் போடுவார்கள். அன்றைக்கு அவர் நம்பவில்லை. இறங்கி வந்ததும் கூப்பிட்டார். கோபக்காரர்தான், கெட்டவர் இல்லை.

"இங்க பாரு. வியாதின்னா வைத்தியம் பாரு, சீட்டு ஒனக்குத்தான். அது யாருக்கும் போவாது. ஆனா கீழ ஆளுக நடமாடுதாங்க. காரணம் தெரியாம உன்ன மேல ஏத்த மாட்டேன். வலிமானில நம்பர் வாங்கிட்டு வா. இல்லன்னா ஆபீஸ்ல ஒக்காந்துக்கிடு."

ஆபீஸில் உட்கார்வதா? அதற்கு நான் உப்பளத்துக்கே போய்விடுவேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாற்காலியைக் கடித்தது அன்றைக்குத்தான்.

"யாத்தே, இது என்ன பூஜ்யம்? ஒன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினேன்.

வலிமானியை இயக்கும் செல்வின் பாவம், சின்ன வயது, அமைதியான ஆள். "யக்கா, மெஷினு சரியாத்தான் பாக்கு. ஒங்க வலி நிறைய இருக்கு, அது எனக்கும் தெரியுது. ஆனா இன்னைக்கு ஒங்களுக்கு நாளுல்லா? அதுக்குள்ளத கழிச்சிரும்."

"எத கழிக்கும்?"

"இயற்கையா வாரத. காய்கறிக் கடைத் தராசுல தட்டோட எடையக் கழிக்காங்கள்லா, அது மாதிரி. மாசாமாசம் வார வலி வியாதி இல்லைலாக்கா? அதக் கழிச்சிட்டு மிச்சம் என்ன இருக்கோ அதான் கணக்கு."

"என் தட்டு எவ்வளவு எடைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க தட்டு இல்லக்கா, பொதுவான தட்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் ஆரோக்கியமான பொம்பள ஸ்டாஃப் ஒருத்தவுங்க அவுங்க நாளுல வந்து உக்காந்து பூஜ்யம் வெப்பாங்க. சாப்பாடு, தண்ணி, வெயிலு எல்லாம் ஊருக்கு ஊரு மாறும்லா? அதனால உள்ளூர் ஆளுதான் வெக்கணும்னு ரூல்."

நாள் இல்லாத நாளில் வந்தால் என்ன என்று கேட்டேன். வரலாம் என்றான். வந்தேன். அன்றைக்கு வலி இருந்தால்தானே எண் வரும்? ஒன்றரை காட்டியது. வலிக்கும்போது கழித்துவிடுகிறார்கள், வலிக்காதபோது அளக்கச் சொல்கிறார்கள். இதை நினைத்து நினைத்து எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது.

பெண்கள் பிரிவின் தலைவர் டாக்டர் சங்கரவடிவு. பாளையங்கோட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். இரும்பு மனுஷி என்று ஊரில் பெயர். வலியில் துடிக்கிற பெண்கள் அவரைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வார்கள்.

"நானும் பொம்பளதாம்மா" என்றார் என்னிடம். "எனக்கும்தான் மாசாமாசம் வருது. அதோடதான் நின்னுக்கிட்டே ஆப்பரேசன் பண்ணுதேன். பல்லக் கடிச்சிக்கிட்டுப் போவணும்."

"கடிச்சிட்டுதான் டாக்டர் வாரேன். ஒங்க நாற்காலியப் பாருங்க. வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்களாமே, லேப்ராஸ்கோபி, அத ஒருதரம் செஞ்சு பாத்துருங்களேன்."

"நம்பர் இல்லாம கத்தி எடுத்தா என்னத் தூக்கி உள்ள வெச்சிருவான். போயி சுடுதண்ணி ஒத்தடம் குடு."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அதைக் கசக்கிப் பைக்குள் திணித்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த மனுஷி முன்னால் அழுவதற்குப் பதில் கடலில் குதிக்கலாம்.

அடுத்த மாதம் மறுபடி பிடித்துக்கொண்டதும் ஆட்டோ ஏறி அங்கேயே போனேன். கொம்பையா சார் என் இருக்கைக்கு வேறு ஆளைப் பயிற்சிக்கு ஏற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்கு ஒரு வழி பார்க்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடு டாக்டரின் அறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மேஜைக்குப் பின்னால் டாக்டர் சங்கரவடிவு தரையில் முழங்கால் போட்டு, ஸ்டூலில் நெற்றியை அழுத்திக்கொண்டு கிடந்தார்.

"யாரது?" என்றார் தலையைத் தூக்காமல். "வெளிய இருங்க. பேனா விழுந்துட்டு, தேடிக்கிட்டு இருக்கேன்."

பேனா அவருடைய வெள்ளைக் கோட்டின் பையிலேயே செருகியிருந்தது. கோட்டுக்குள்ளே வயிற்றில் வெந்நீர்ப் பை, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தார். நானும் அப்படித்தான் கட்டுவேன், முடிச்சை இடது பக்கம் போட்டு. அவருடைய முடிச்சும் இடது பக்கம்தான் இருந்தது.

சண்டை போட வந்ததே எனக்கு மறந்துபோயிற்று. எனக்கும் நிற்க முடியவில்லை. மெதுவாக அவர் பக்கத்தில் முழங்கால் போட்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் என் நெற்றியை வைத்துக்கொண்டேன். யாராவது அப்போது உள்ளே வந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபம் செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"பேனா ஒங்க பையில இருக்கு டாக்டர்" என்றேன்.

அவர் கையால் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தார்.

"எனக்குச் சாவி விழும்."

டாக்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. இரும்பும் துருவும் ஒன்றுமில்லை, சாதாரண மனுஷிதான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன். டாக்டர் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான்தான் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல இருந்து. இது எல்லாருக்கும் உள்ளதுதானம்மா."

"யாரு சொன்னா?"

"எங்கம்மா. அவுங்களும் இப்படித்தான் கெடப்பாங்க. எங்க வீட்டுல பொம்பளைங்க எல்லாரும்…" அதற்குமேல் சொல்லாமல் நிறுத்தினார்.

எனக்குள் ஏதோ பொறி தட்டியது. செல்வின் சொன்னது ஞாபகம் வந்தது.

"டாக்டர், இந்த ஆஸ்பத்திரி வலிமானிக்குப் பூஜ்யம் வெச்சது யாரு?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் அவருக்கே எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

"நாந்தான்" என்றார். "நர்ஸ் பிள்ளைங்களக் கேட்டேன். ஆம்பளப் பையன் முன்னால இன்னைக்கு எனக்கு நாளுன்னு எப்படிச் சொல்லுறதுன்னு வெக்கப்பட்டு ஓடிட்டாளுக. தள்ளுங்கட்டி, நானே ஒக்காருதேன்னு ஒக்காந்தேன். இருக்கதுலயே ஆரோக்கியமான ஆளு நாந்தான்னு எல்லாரும் கைதட்டுனாங்க."

"அன்னைக்கு வலிச்சிதா?"

"ஜெனோவா, அன்னைக்கு நான் ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன்."

சொல்லிவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த மாவட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு பெண்ணின் வலியிலிருந்தும் அவருடைய வலி கழிக்கப்பட்டிருக்கிறது. அவரைவிட அதிகமாக வலித்தால் மட்டுமே அது வலி. அவரே சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிய முகங்கள் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

"மறுபடி பூஜ்யம் வெக்க முடியாதா?" என்றேன்.

"என் கையெழுத்துல முடியும். ஆனா எதுக்குன்னு கேப்பாங்க. நான் நார்மல் இல்ல, எனக்கு வியாதின்னு நானே சொல்லணும். நாளைக்கு நான் ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள போவும்போது, இந்தம்மாவுக்கு முடியுமான்னு ஒவ்வொருத்தனும் பாப்பான்."

"என்னையும்தான் கிரேன்ல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எனக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"ஒருத்திய வெச்சு நடந்த கூத்து போதும். இனி ஒருத்தி பத்தாது" என்று சொல்லிவிட்டு அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் புல்லரிப்பும் சேர்ந்தே வருகிறது. நேராக வரவேற்பறைக்குப் போய், காணாமல்போன பிள்ளைகளை அறிவிக்கும் மைக்கை வாங்கினார்.

"டாக்டர் சங்கரவடிவு பேசுதேன். இன்னைக்கு நாளா இருக்கிற பொம்பள ஸ்டாஃப் எல்லாரும் ஒடனே வலிமானி ரூமுக்கு வாங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல. எனக்கும் இன்னைக்கு நாளுதான். சீக்கிரம் வாங்கட்டி!"

மருத்துவமனை முழுக்க, பிணவறை வரைக்கும், ஒலிபெருக்கி முழங்கியது. செல்வினுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. கேன்டீனில் யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். முதலில் சிஸ்டர் பிரிசில்லா வந்தார், கையில் பாதி கடித்த உளுந்து வடையோடு.

"எனக்கு ரெண்டாம் நாளு டாக்டர். எதுக்குக் கூப்பிட்டிய?"

"வலிக்கா?"

"எதுக்கு வலிக்கணும்? லேசா இடுப்புக் கடுக்கும். காலண்டரப் பாத்தாத்தான் எனக்கு ஞாபகமே வரும்."

நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொறாமையில் வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

"இவ சும்மா பெருமைக்குச் சொல்லுதான்னு இத்தன வருசம் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் டாக்டர்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள், சமையற்கட்டு அக்கா, பயிற்சி டாக்டர்கள், வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண். அறை நிரம்பி வராந்தா வரைக்கும் நின்றார்கள். முதலில் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்கள், இத்தனை பேரைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஏட்டி, நீயுமா?" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். செல்வின் பழைய பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார வைத்தான். பெரும்பாலோருக்கு ஒன்று, ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு. மருந்தகத்தில் வேலை செய்யும் சின்னப் பெண்ணுக்கு மட்டும் எண் ஆறில் போய் நின்றது.

"பிள்ள, நீ அங்கிட்டு ஒக்காரு. ஒன்னத் தனியாப் பாக்கணும்" என்றார் டாக்டர். அந்தப் பெண் பயந்துபோய், "நான் ஒண்ணும் செய்யலியே டாக்டர்" என்றாள்.

"அதான் தப்பு" என்றேன் நான்.

அந்தப் பெண்ணுடையதை விட்டுவிட்டு மற்ற எல்லோருடையதையும் சேர்த்துப் புதுப் பூஜ்யம் வைத்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். என் பல் தடம் பதிந்த அதே நாற்காலிதான். செல்வின் பட்டையைக் கட்டினான். இதிலும் பூஜ்யம் வந்தால் நான் உண்மையிலேயே பைத்தியம்தான்.

எண் நகர்ந்தது. இரண்டு. மூன்று. நான்கில் கொஞ்சம் தயங்கியது. ஐந்து, ஆறு என்று ஏறி, ஏழில் போய் நின்றது. பச்சை எழுத்து சிவப்பானது.

"ஏழு!" என்று கத்தினேன். "ஏழுடா செல்வின்! பாத்தியா? நான் பொய் சொல்லல!" பரீட்சையில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்ததுபோல் இருந்தது. சிஸ்டர் பிரிசில்லா என்னைக் கட்டிப்பிடித்தார். சமையற்கட்டு அக்கா விசில் அடித்தார். வலி உயிரைப் பிடுங்கியது. வலித்தால் வலிக்கட்டும், இனி அது சிவப்பெழுத்து வாங்கிய வலி.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் எழுந்து நின்று நாற்காலியைத் தட்டினேன். "டாக்டர், நீங்க."

"எனக்கு வேண்டாம்மா, தெரிஞ்சு போச்சே."

"தெரிஞ்சா பத்தாது. நம்பர் வேணும். ஒங்க ரூல்தான அது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. டாக்டர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எண் நிற்காமல் ஏறியது. எட்டரை. அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவிட ஒன்றர கூட" என்றேன். "இதோடயா டாக்டர் நின்னுக்கிட்டே ஆப்பரேசன் பண்ணுனிய?"

"ஆமாட்டி" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் இரும்பு மனுஷி ஓவென்று அழுதார். யாரும் அவரை அழாதீர்கள் என்று சொல்லவில்லை.

எனக்கு லேப்ராஸ்கோபி செய்தவர் அவர்தான். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது என் முகத்துக்கு நேரே குனிந்து நின்றார்.

"இருக்கு" என்றார்.

"என்னது இருக்கு?"

"நீ சொன்னது பூரா இருக்கு. கருப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய படலம் மாதிரி ஒண்ணு, வெளிய சினைப்பை மேலயும் குடல் மேலயும் படர்ந்து கெடக்கு. மாசாமாசம் அதுவும் சேந்து ரத்தம் கசியுது, வெளிய போக வழி இல்லாம உள்ளயே புண்ணாக்குது. அதான் அந்த வலி. ஸ்கேன்ல இது எல்லா நேரமும் தெரியாது. பாத்தத எல்லாம் எடுத்துட்டேன். திரும்ப வராம இருக்க மாத்திரை இருக்கு, கூடவே இருந்து பாப்போம். பேரு எண்டோமெட்ரியோசிஸ்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"எண்டோமெட்ரியோசிஸ்."

"இன்னொரு தடவ."

மூன்றாவது முறையும் சொன்னார். அதைவிட அழகான வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை. என் வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அம்மா வார்டு முழுக்க மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "மகளுக்கு என்ன விசேஷம்?" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்க, "வியாதி இருக்குதாம்!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். நான் பத்தாவது பாஸானபோதுகூட அவர் மக்ரூன் வாங்கவில்லை.

அதற்குள் டாக்டர் சங்கரவடிவு திருப்பி அனுப்பிய பெண்களையெல்லாம் மறுபடி வரச் சொல்லி ஆள் விட்டிருந்தார். காலையிலேயே வரிசை மருத்துவமனை வாசலைத் தாண்டி நிற்கும். வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில், "அன்னைக்கு ஒங்கள நம்பல. மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டையைக் கட்டச் சொன்னார். மற்ற ஊர் மருத்துவமனைகளுக்கும் போன் போட்டார். ஒருமுறை அவர் கேட்டதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"ஒங்க மெஷினுக்குப் பூஜ்யம் வெச்சது யாரு? ஓ, இருக்கதுலயே தைரியமான ஆளா? நெனச்சேன். அவுங்க பேனா அடிக்கடி கீழ விழுதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

முக்கால்வாசி ஊரில் விழுந்துகொண்டிருந்தது. சட்டத்தை மாற்றினார்கள். இனி எந்த ஊரிலும் ஒருத்தி தனியாகப் பூஜ்யம் வைக்க முடியாது.

கொம்பையா சார் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நான் மறுபடி மேலே ஏறிய அன்றைக்கு, "சாவியக் கயித்துல கட்டி மாட்டிக்கிடு" என்று மட்டும் சொன்னார். பயிற்சிக்கு வந்திருந்த பையன் என் இருக்கையை விட்டு எழுந்து நின்றான். உட்கார்ந்ததும் கடல் முழுவதும் என் காலுக்குக் கீழே வந்து விரிந்தது.

டாக்டருக்குத் திருநெல்வேலியில் ஆப்பரேஷன் நடந்தது. பல வருஷத்து வினை, நிறைய நேரம் பிடித்ததாம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரிடமிருந்து தகவல் இல்லை. ஒரு நாள் டீ நேரத்தில், கிரேனை நிறுத்திவிட்டுக் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"ஜெனோவா, இன்னைக்கு எனக்கு நாளு" என்றார் எடுத்ததும். குரல் ஒரு மாதிரி இருந்தது.

எனக்குப் பகீரென்றது. "என்ன டாக்டர், திரும்பவும் வலிக்கா?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். காலையில இருந்து இப்ப வரும், இப்ப வரும்னு வெந்நீர்ப் பையக் கையில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். தண்ணி ஆறிப்போச்சி. வரலட்டி." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எல்லாருக்கும் உள்ளதுன்னா இதுதானா? இவ்வளவு லேசாவா இருக்கும்?"

எனக்கும் அழுகை வந்தது. அழுதால் மேலே இருந்து கன்டெய்னரை எப்படி இறக்குவது? அதனால் கேலியாகக் கேட்டேன்.

"பேனா எங்க டாக்டர், பையில இருக்கா?"

"இல்ல. காலையில நெசமாவே கீழ விழுந்துட்டு" என்றார். "குனிஞ்சேன், எடுத்தேன், எந்திரிச்சிட்டேன்."